ஏழு நொடி

என் பெயர் தவசீலி. எடை நாற்பத்திரண்டு கிலோ.
அதனால்தான் கூரைக்கு நான்.
பெனடிக்ட் மாமா ஏறிய வருஷம்
அஞ்சாம் காம்பராவுக்கு வானம் தெரிந்தது.

டிஷ் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.
காசு கட்டாத மூன்றாம் மாதம்
படம் போய் ஒரு வரி எழுத்து மட்டும் நின்றது.
இப்போது அதைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம்,
அடியில் கோழி அடை காக்கிறது.
விறகுக்குள் கிடந்த பழைய அன்டெனாவை இழுத்தெடுத்தோம்.
மூங்கில் கழி, அலுமினியக் குச்சி நான்கு,
ஐந்தாவது குச்சிக்குப் பதில் சோத்துச் சட்டி மூடி.
சும்மா வருகிற படத்துக்கு அது போதும்,
காற்று விட்டால்.

ஞாயிறு. கைக்காசுக் கொழுந்தைப்
பன்னிரண்டு கிலோவில் நிறுத்திவிட்டு ஓடிவந்தேன்.
பெண்கள் இறுதியாட்டம்.
"பொம்பளைங்க ஆடுறதுக்குக் காசா கேப்பான்,
அதான் சும்மா காட்டுறான்" என்றார் சின்னராசு அத்தான்,
முதல் ஓவரில்.
பதினெட்டாம் ஓவரில் அவர்தான்
வெற்றிலையைத் துப்ப மறந்து விழுங்கினாராம்.
எல்லாம் ராம்தான் எனக்கு.
கழியைப் பிடித்திருக்கிறவளுக்கு ஆட்டம் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஓட்டைக்குள்ளிருந்து வந்த குரல்:
"கொஞ்சம் கோயில் பக்கம்!"
"ஐயோ, அவ்வளவு இல்ல, பீலிப் பக்கம் ஒரு விரல்!"
"அப்படியே நில்லு, மூச்சு விடாத!"
திரையில் எல்லாம் இரண்டிரண்டாம்.
பந்துக்குப் பக்கத்தில் இன்னொரு பந்து,
ஓடுகிறவளுக்குப் பின்னால் அவளே ஓடுகிறாளாம்.
சிங்களத்தில் சொல்கிறவர்
"தெவீ கியா" என்றார்.
ஆட்டமிழந்தாள் என்பதற்கு அங்கே அதுதான் சொல்,
எரிந்து போனாள் என்று.
மூன்று பேர் எரிந்து போனார்கள்
என் கால் மரத்துப்போவதற்குள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தொரை பங்களா.
விருந்தாளிகளின் ஜீப் மூன்று, புல்வெளியில் பெரிய திரை,
மாதா மாதம் காசு கட்டுகிற டிஷ்.
இங்கே என் பாதத்தின் கீழ் லயம் கத்தும்.
கொஞ்சம் பொறுத்து அங்கே பங்களா கத்தும்.
எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தேன்.
எதிரொலிக்கு எதற்கு விசில்?
அடுத்த நான்குக்கு எண்ணிப் பார்த்தேன்.
ஏழு. அடுத்ததற்கும் ஏழு.

மஸ்கெலியாவில் டீவி திருத்துகிற ரிஸ்வான்
பிறகு ஒருநாள் விளக்கினான்:
காசு கட்டிய படம் வானத்துக்கு ஏறி இறங்கி
எத்தனையோ பெட்டிக்குள் நுழைந்து வர வேண்டும்,
நம்முடையது மலைக்கு மலை தாவி நேரே வருகிறது.
எங்கள் லயத்துக்கு எதுவும் முதலில் வந்ததில்லை,
ரோட்டும் சரி, கரண்டும் சரி,
சம்பளம் கூட்டிய செய்தியும் சரி.
அன்று உலகம் எங்களுக்கு நடந்து முடிந்தபின்தான்
பங்களாவுக்கு நடந்தது.

கடைசிப் பந்து. நான்கு வேண்டும்.
பனி ஏறி வந்து என் இடுப்புவரை மூடியது.
கணுக்காலில் அட்டை. குனிந்தால் படம் போகும்.
கீழே இருபது பேர்,
ஒரு குழந்தைகூட இருமவில்லை.

பிறகு சத்தம் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
யாரோ முக்காலியை நகர்த்தினார்கள்.
போச்சு என்று சொல்ல
எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

பள்ளத்துக்கு அப்பால், பனியில் மங்கிய விளக்குகள்.
அங்கே இன்னும் பந்து வீசப்படவில்லை.
விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு பெண் குரல், தெளிவாக, "அடி, அடி!" என்றது.
அவர்களுக்கு நாங்கள் இன்னும் தோற்கவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.
நான்கிலிருந்து
கொஞ்சம் மெதுவாக.